ராஜா ஹரிச்சந்திரா: இருட்டறையில் நடந்த வேலை

தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3ஆம் தேதி பம்பாய் கொரோனேஷன் கொட்டகையில் திரையிடப்பட்டது. நான்கு ரீல்கள், சுமார் 3,700 அடி நீளமுள்ள மௌனப் படம். 'இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம்' என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருப்போம். அது எப்படித் தயாரானது என்பதை இங்கே பார்க்கலாம்.

1912ல் பால்கே லண்டன் போய் வில்லியம்சன் காமிராவும் பிலிமில் துளையிடும் கருவியும் வாங்க ஏற்பாடு செய்து திரும்பினார். பணம் போட ஆள் வேண்டுமே? ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்து ஓட்டிக் காட்டினார். வாரக்கணக்கில் வளர்ந்த செடி கண்ணெதிரே மளமளவென்று வளர்ந்தது. கடன் கிடைத்தது. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின.

அன்று பால்கேக்கு வந்த பிலிம் சுருளில் ஓரத் துளைகள் கிடையாது. காமிராவின் பற்கள் துளையில் மாட்டி, ஒவ்வொரு கட்டமாக இழுத்து நிறுத்தினால்தான் படம் பதியும். இடைவெளி சற்றுப் பிசகினாலும் திரையில் உருவங்கள் குதிக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒவ்வொரு ஓரத்திலும் 4 துளைகள். 3,700 அடிக்குக் கணக்குப் போட்டேன்: ஓர் ஓரத்துக்கு மட்டும் 2,36,800 துளைகள்! இது ஒரே ஒரு பிரதிக்கு. நெகடிவும், எடுத்து வீணானவையும் தனி.

இந்த வேலையைச் செய்தவர் சரஸ்வதிபாய். இரவில், இருட்டறையில் துளையிட்டார். ரசாயனங்களைக் கலந்து பிலிமைக் கழுவவும் கற்றுக்கொண்டார். பகலில் படக்குழு முழுவதுக்கும் சமையல். விளக்குகள் இல்லாத காலம், சூரியன்தான் வெளிச்சம். நடிகர்கள் முகத்தில் வெயிலைத் திருப்ப, வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. டெலாங் கையால் காமிராவைச் சுழற்றினார்.

நடிக்கப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. நாம் சந்திரமதி என்று சொல்லும் தாராமதி வேடத்தை உணவு விடுதியில் வேலை பார்த்த சலுங்கே என்ற இளைஞர் ஏற்றார். பால்கேயின் மகன் பாலச்சந்திரா லோகிதாசன் ஆனான்.

நான்கு ரீல்களில் முதலும் கடைசியும்தான் இன்று பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியுள்ளன. அவையும் பால்கே 1917ல் மறுபடி எடுத்த படத்தின் பகுதிகளே என்று வாதிடுவோர் உண்டு.

பால்கே பெயரில் 1969 முதல் அரசு விருது வழங்கப்படுகிறது. அடுத்த முறை அந்த விருதுச் செய்தியைப் படிக்கும்போது சரஸ்வதிபாயையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.