ரயில் வராத நிலையங்கள்

பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1986இல் அருங்காட்சியகமானது. அதை மறுவாழ்வு என்கிறோம். யாழ்ப்பாணப் பாதைக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. மிஞ்சிய ஸ்டேஷன் கட்டடங்களில் இடம்பெயர்ந்த சனம் அடுப்பு மூட்டியது. பயணிகளுக்குக் கட்டியது குடும்பங்களுக்கு வீடாச்சு.

போருக்குப்பின் இந்தியக் கடனில் பாதை போட்டார்கள். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. அதற்குமுன் குடியிருந்தவர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. அதிகாரத்தின் மொழியில் அது 'ஆக்கிரமிப்பு'. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் தண்டவாளத்தோரக் குடிசைகளுக்கும் இதே சொல்தான்.

ரயில் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நிலையத்தின் வரலாறு 1990இல் நின்று 2014இல் மறுபடி தொடங்குவதாக எழுதுகிறோமே, நடுவில் இருபத்துநாலு வருஷம் அங்கே சோறாக்கியவர்கள் யாருடைய வரலாறு?