வலைப்பக்கத் தலைப்பின் வரலாறு: பாயிரம் முதல் தேடுபொறி வரை

நூலுக்குப் பெயரிடுவதை நம் இலக்கண ஆசிரியர்கள் ஆக்கியோனின் விருப்பத்துக்கே முழுதும் விட்டுவிடவில்லை. நூற்பெயரோடு நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றையும் நூலுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலின் சிறப்புப்பாயிர விதி. பெயர் எதனால் அமையும் என்பதற்கும் பவணந்தியார் வழி காட்டுகிறார்: செய்தவனால், செய்வித்தவனால், அளவால், பொருளால், வெறும் இடுகுறியால் என்று.

தனிப்பாடல்களின் நிலை வேறு. புறநானூற்றுப் பாட்டுக்குத் தலைப்பில்லை. திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் எனக் கீழே நிற்கும் குறிப்பே அதற்கு அடையாளம். குறுந்தொகையில் இயற்பெயர் மறைந்துபோன புலவர் சிலருக்கு அவர்தம் பாட்டில் தனித்து நின்ற தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவை. பிறரிடம் வாராத சொல்லால் ஒருவரை இனங்காணும் இம்முறை, அரிய சொல்லுக்கு மிகுந்த மதிப்பளிக்கும் தேடுபொறியின் கணக்கிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

இணையத்துக்கு வருவோம். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறை, ஒவ்வோர் ஆவணத்துக்கும் தலைப்பு கட்டாயம் என்றது. ஆவணத்தை விட்டுப் பிரித்துப் பார்த்தாலும் பொருள் விளங்குமாறு அது அமைய வேண்டும்; ‘அறிமுகம்’ என்று மட்டும் இட்டால் எதற்கு அறிமுகம் என்பது தெரியாது; 64 எழுத்துக்குள் அடங்குவது நலம். இவ்வளவும் அதில் உண்டு. எழுதியவர்கள் நன்னூல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் தேவை ஒன்றாயிருந்தால் விதியும் ஒன்றாகவே பிறக்கும் போலும்.

அடுத்த மாதமே ஆல்டாவிஸ்டா தேடுபொறி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ‘மெட்டா’ குறிப்புகளில் பக்கச் சுருக்கத்தையும் திறவுச்சொற்களையும் எழுதி வைத்தால், அக்காலத் தேடுபொறிகளிற் பல அவற்றை நம்பின. நம்பிக்கை இருக்கும் இடத்தில் வஞ்சகம் நுழையத் தாமதமாகுமா? பொருளுக்குத் தொடர்பில்லாத சொற்களையும் போட்டியாளரின் பெயரையும் குவித்தார்கள். 1999 ஏப்ரலில் புரூக்பீல்டு நிறுவனத்துக்கும் வெஸ்ட் கோஸ்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன உவமை நம் நினைவில் நிற்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு கடைக்காரர், போட்டிக் கடையின் பெயரை எழுதித் தம் கடை இருக்கும் திருப்பத்தைக் காட்டும் பலகை நடுகிறார். அங்கே திரும்பியவர் தேடிய கடையைக் காணாமல், கண்ணில் பட்ட கடையிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பிறர் பெயரை மெட்டாவில் ஒளித்து வைப்பதும் இதற்கொப்பானதே என்றது நீதிமன்றம்.

1998இல் பிரின், பேஜ் இருவரும் கூகிளை விளக்கி எழுதிய கட்டுரை இந்நோயை முன்னரே கண்டுகொண்டது. படிப்பவருக்குக் காட்டப்படாத எழுத்து எதுவானாலும் அது தவறாகப் பயன்படுத்தப்படும் என்பது அவர்கள் முடிவு. அதே கட்டுரையில், பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு வரிசைப்படுத்தினால், தலைப்புகளில் மட்டும் தேடுவதே பெரும்பாலான பரவலான பொருள்களுக்கு நன்கு பயன்படுகிறது என்றும் குறித்தனர். திறவுச்சொல் குறிப்பைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகிள் வெளிப்படையாக அறிவித்தது. தலைப்பு நிலைத்தது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இவ்வரலாற்றில் தனித்துயர் ஒன்று உண்டு. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. பக்கத்தின் உள்ளே அவ்வெழுத்துருவை ஏவலாம். தலைப்பிலோ எழுத்துரு ஏவலுக்கு இடமில்லை. எனவே உள்ளே செந்தமிழ், உலாவியின் மேற்பட்டையில் பொருளற்ற குறிகள், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழ்ப்பெயர். அதுவும் இடாதவர் பக்கம் மென்பொருள் தானே இட்டுவைத்த ‘அன்டைட்டில்டு டாக்குமென்ட்’ என்ற பெயரோடு உலவியது. அன்று வலையேறிய நல்ல கட்டுரைகள் எத்தனையோ இக்காரணத்தால் தேடுவார் கைக்கு எட்டவில்லை. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ச் சொல்லைத் தமிழில் தேட வழி பிறந்தது.

வழி பிறந்தும் நம் இலக்கிய அன்பர்களின் மனம் முழுதும் மாறவில்லை. ‘மௌனம்’, ‘அவள்’, ‘சில குறிப்புகள்’ என்றே இன்றும் தலைப்பிடுகிறோம். இதழின் உள்ளே, ஆசிரியர் பெயருக்கு அருகில் இவை அழகியவை. தேடல் முடிவில் பத்துப் பிற வரிகளுக்கு நடுவே ஆதரவற்று நிற்பவை.

சுருக்கக் குறிப்பிலும் தமிழுக்கே உரிய இடர் ஒன்றைக் கருத வேண்டும். தேடுபொறி தன் திரையின் அகலத்துக்கு ஏற்பக் குறிப்பை நறுக்குகிறது. நம் எழுத்துகள் அகலமானவை. மேலும் நம் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் வருகிறது. ஆங்கில வாக்கியம் பாதியில் அறுந்தாலும் செயல் தெரிந்துவிடும். தமிழ் வாக்கியம் அறுந்தால் இவர் அந்த நூலைப் புகழ்ந்தாரா மறுத்தாரா என்பதே தெரியாது. ஆகவே முதல் வாக்கியம் குறுகி முடிய வேண்டும். ஆசிரியர், நூல் பெயர்கள் முன்னே வர வேண்டும். ‘இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது யாதெனில்’ என்று தொடங்கினால் யாதென்பது நறுக்கிய பகுதியில் போய்விடும். இக்குறிப்பு தரவரிசையை உயர்த்தாது, எப்போதும் காட்டப்படும் என்பதும் இல்லை. பக்கத்திலிருந்தே பொருந்தும் வரியைத் தேடுபொறி எடுத்துக்கொள்வதுண்டு. எனினும் அது காட்டப்படும்போது, படிப்பவர் உள்ளே வருவதா வேண்டாவா என்று முடிவு செய்வது அதைக் கொண்டுதான்.

2021 ஆகஸ்டில் கூகிள் தலைப்பாக்கும் முறையை மாற்றியபோது, தன் தலைப்புகளைத் தேடுபொறி திருத்துகிறது என்று பலர் குறைபட்டனர். அடுத்த மாதம் அந்நிறுவனம் தந்த விளக்கப்படி, ஏறத்தாழ 87 விழுக்காட்டில் பக்க ஆசிரியர் இட்டதே பயன்படுகிறது. எஞ்சியவற்றில் வெறுமையான தலைப்பு, காலங்கடந்த ஆண்டு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பெயர் போன்ற குறைகளைக் கண்டால் எந்திரம் வேறொன்றைத் தேர்கிறது.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு சொல்லை மட்டும் தலைப்பாக இட்டால், அதே பெயருள்ள மதுரைப் பகுதியைத் தேடுவோரும் அங்கே வந்து ஏமாறுவர். கதையைத் தேடும் மாணவர் கடந்து போவர். ‘பொன்னகரம் – புதுமைப்பித்தன் சிறுகதை’ என்று தலைப்பிலும், மணிக்கொடி, 1934 என்பதைக் குறிப்பின் முதல் வரியிலும் இடலாம். கதைக்குள் ஓர் எழுத்தும் மாறவில்லை.