கடலடியில் புதைத்த கரியமில வாயு



கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு வானில் மிகுந்து பூமியின் வெப்பத்தைப் பெருக்குகின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனைப் பிடித்து நிலத்தடியில் புதைக்க இயலுமா? தட்பவெப்பத்தைக் காக்கும் நோக்கத்தோடு, பேரளவில் இதனை முதலில் செய்து காட்டிய நாடு நார்வே.

1991-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்போர் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வட கடலின் ஸ்லெய்ப்னர் வயலில் கிடைத்த எரிவாயுவிலோ 9 விழுக்காடு வரை கரியமில வாயு கலந்திருந்தது. 2.5 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் வாங்குவோர் ஏற்கார். ஆகவே பிரித்தே தீரவேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி. புதைத்தால் வரி இல்லை. அந்நாளில் அரசின் உடைமையாயிருந்த ஸ்டாட்டாயில் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் கணக்கிட்டுப் பார்த்துப் புதைக்கத் துணிந்தனர். 1996 முதல், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம், கடல்மட்டத்திற்குச் சுமார் 1,000 மீட்டர் கீழேயுள்ள உப்புநீர் ஊறிய மணற்பாறையில் அது செலுத்தப்பட்டது. மேலே மூடிபோல் அமைந்த களிப்பாறை அதனை எழவிடாது தடுக்கின்றது.

ஊக்கமுற்ற அரசாங்கம், மோங்ஸ்டாட் என்னுமிடத்தில் மின்நிலையப் புகையிலிருந்தே அவ்வாயுவைப் பிடிக்க 2006-இல் ஸ்டாட்டாயிலுடன் உடன்படிக்கை செய்தது. பிரதமர் ஸ்டோல்டன்பர்க், 2007 புத்தாண்டு உரையில், அதனைச் சந்திரனில் மனிதன் இறங்கியதற்கு ஒப்பிட்டார். ஆயின் புகையில் இவ்வாயு சிறு பங்கே, பிரிப்பது பெருஞ்செலவு. செலவு ஏறிக்கொண்டே போக, 2013-இல் அப்பெருந்திட்டம் கைவிடப்பட்டது. சோதனை நிலையம் மட்டுமே எஞ்சியது.

அடுத்த முயற்சியில் பொறுப்பு தெளிவாகப் பங்கிடப்பட்டது. 2020-இல் முன்வைத்த ‘லாங்ஷிப்’ திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அரசு ஏற்றது, எஞ்சியது கம்பெனிகளுடையது. சிமெண்டுத் தொழிலில் சுண்ணாம்புக் கல்லே கரியமில வாயுவை வெளியிடுகின்றது. எரிபொருளை மாற்றினாலும் அது நீங்காது. அதனால் பிரெவிக் சிமெண்டு ஆலையில் வாயுவைப் பிடிக்கின்றனர். எக்வினார், ஷெல், டோட்டல் எனர்ஜீஸ் ஆகிய மூன்றும் கூடி அமைத்த நிறுவனம் அதைக் கப்பலில் கொண்டுசென்று, கடலடித் தரைக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் சேர்க்கின்றது. 2025 ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே சென்றது.

ஒன்றை மறவாதீர்கள். ஸ்லெய்ப்னரில் புதைக்கப்பட்டது, எரிவாயுவில் கலந்திருந்த பங்கு மட்டுமே. விற்கப்பட்ட எரிவாயு வாங்கிய நாடுகளில் எரிந்து வானில் கலந்தது. வணிகர் இலாபத்தை நாடுவது இயல்பு. அந்நாட்டம் பொதுநலத்தின் வழியே செல்லுமாறு வரம்பு கட்டுவது அரசின் கடமை. அவ்வரம்பு எங்கே தளர்கின்றது என்று விழிப்புடன் பார்ப்பது, நாளைய குடிமக்களாகிய உங்கள் கடமை.