ஆட்டத்தைப் படம் பிடித்தவர்கள்

இந்தியர் ஒருவர் இங்கே எடுத்த முதல் படம் எது என்று கேட்டால் பலரும் பால்கேயின் பெயரைத்தான் சொல்வார்கள். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது 1913இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1899இல், பம்பாய் ஹாங்கிங் கார்டன்ஸில் இரண்டு மல்லர்கள் கட்டிப் புரண்டதை ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர் படமாக்கியிருந்தார். மல்லர்களின் பெயர் புண்டலிக் தாதா, கிருஷ்ண நாவி. இந்தியத் திரைப்பட வரலாறு ஒரு விளையாட்டு ஆவணப்படத்தோடுதான் தொடங்குகிறது. விளையாட்டைப் படமெடுக்க நினைக்கும் எவரும் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பாட்வடேகர் புகைப்படக்காரர். 1896 ஜூலையில் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டபோது அவற்றைப் பார்த்து மலைத்தவர்களில் அவரும் ஒருவர். பார்த்த பிறகுதான் லண்டனிலிருந்து கேமரா வரவழைத்தார். எடுத்த படச்சுருளைக் கழுவுவதற்கும் லண்டனுக்கே அனுப்பினார். லூமியேர் படங்களில் கேமரா ஓரிடத்தில் நிற்கும். ஆட்கள் அதன் முன்னே வருவார்கள், போவார்கள். அந்த முறைக்கு மல்யுத்தம் கச்சிதமாகப் பொருந்துகிறது. களம் சிறியது, ஆட்டக்காரர் இருவர்தான், கட்டத்தை விட்டு ஓடமாட்டார்கள். முன்னே வந்த படங்களைப் பார்த்து, அந்த முறை தாங்கக்கூடிய ஆட்டம் எது என்று கணக்குப் போட்டவர் செய்யும் தேர்வாகவே இது தெரிகிறது.

அதே கணக்கை அமெரிக்காவில் வேறு அளவில் போட்டார்கள். 1897 மார்ச் 17 அன்று நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டியில் கார்பெட்டும் ஃபிட்ஸிம்மன்ஸும் மோதிய குத்துச்சண்டையை ஈனாக் ரெக்டர் முழுவதுமாகப் படமெடுத்தார். மற்ற படங்கள் ஒரு நிமிடத்தில் முடிந்த காலம் அது. இந்தப் படம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. மேடை முழுவதும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே அகலமான தனிச் சுருளைப் பயன்படுத்தினார்கள். ஆட்டத்துக்கு ஏற்பக் கருவியை மாற்றிய முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. அதற்கும் முன்பு, 1878இல், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று பார்க்க ஓடுபாதையோரம் கேமராக்களை வரிசையாக நிறுத்திய மைபிரிட்ஜும், ஒரே புகைப்படத் தட்டில் ஒரே மனிதனின் பல அசைவுகளை அடுத்தடுத்துப் பதிவு செய்த பிரெஞ்சு அறிஞர் மாரேயும் இந்தப் பரம்பரையின் மூத்தவர்கள்.

காவிரிக் கரையில் இந்தப் பரம்பரைக்கு இன்னும் பழைய கிளை ஒன்று இருக்கிறது.

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று சுவரொட்டிகள் முளைக்கும். இந்த ஆட்டங்களைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுக்கலாம் என்று தாராசுரம் பக்கத்து இளைஞர் ஒருவர் நினைத்தால், முதலில் கைபேசியைத் திறந்து உலகத்துப் படங்களையெல்லாம் பார்க்கத் தொடங்குவார். பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய ஊரிலேயே ஒரு பாடசாலை இருக்கிறது. கட்டி முடித்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அந்தப் பாடசாலை தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயில். அதை எழுப்பியவன் சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன். 2004இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றானது. முன்மண்டபத்தைச் சக்கரங்களும் பாயும் குதிரைகளும் பூட்டிய தேராகச் செதுக்கி வைத்தார்கள் என்பதிலிருந்தே, அசையாத கல்லில் அசைவைக் காட்டும் ஆசை அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்று தெரிகிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் ரிஷபகுஞ்சரச் சிற்பமும் இங்கே உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. பார்ப்பவரும் பாதி வேலை செய்தால்தான் சிற்பம் முழுமையாகும்.

படமெடுப்பவருக்கு இவற்றைவிட முக்கியமானவை கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பகுதியில் வரிசையாக ஓடும் சின்னஞ்சிறு கற்பலகைகள். பெரிய சிற்பங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடப்பவர்கள் இவற்றைத் தவறவிட்டுவிடுவார்கள். நாயன்மார்களின் கதைகள் இவை. பலவற்றின் மேல் பெயரும் செய்தியும் சிறு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; அவனுடைய மகன் கட்டிய கோயில் இது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் விரிந்து கிடந்த கதைகளைச் சிற்பிகள் கையகலக் கல்லுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. முழு வாழ்க்கைக்கும் இடமில்லை. எந்தக் கணத்தைச் செதுக்குவது என்று ஒவ்வொரு பலகைக்கும் முடிவு செய்தாக வேண்டும்.

நாயன்மார்களில் ஏனாதிநாதர் அரசலாற்றங்கரைக்காரர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஏனநல்லூரை அவருடைய ஊர் என்கிறார்கள். சோழர்களுக்கு வாட்பயிற்சி கற்றுக்கொடுத்த ஆசான். தொழில் பொறாமையால் போருக்கு அழைத்த அதிசூரன், தோற்கப்போகும் நேரத்தில் கேடயத்தை விலக்கி நெற்றியின் திருநீற்றைக் காட்டினான். ஏனாதிநாதர் வெட்டவில்லை, வாளை எறிந்துவிட்டால் நிராயுதபாணியைக் கொன்ற பழி அவனுக்கு வருமே என்று வாளோடு எதிர்ப்பவர்போல நின்றார். இந்தக் கதையில் வாள் வீச்சு ஏராளம் உண்டு. ஆனால் கதையின் உயிர், கை ஓங்கியும் வெட்டாமல் நின்ற அந்த ஒரு நொடியில் இருக்கிறது. விளையாட்டுப் படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது: ஆட்டத்தில் நடந்த எல்லாவற்றையும் காட்டி அந்த நொடியைத் தவறவிட்ட படங்கள் எத்தனையோ.

இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டுப் படங்களில் எவரும் தாண்டிப் போக முடியாதது லெனி ரீஃபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’. 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றி, நாஜி அரசின் ஆதரவோடு எடுத்து 1938இல் இரண்டு பாகங்களாக வெளியிடப்பட்ட படம். தாண்டுபவர் வானத்தில் பறப்பதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காகக் களத்தில் குழி வெட்டி அதற்குள் கேமராக்காரர்களை இறக்கினார்கள். நீரில் பாய்பவரோடு கேமராவும் நீருக்குள் போனது. இந்த உத்திகளில் பல வெற்றிடத்திலிருந்து பிறக்கவில்லை. ரீஃபன்ஸ்டாலும் அவருடைய கேமராக்காரர்கள் சிலரும் ஆர்னால்ட் ஃபாங்க் எடுத்த பனிமலைப் படங்களில் தொழில் பழகியவர்கள். 1928 குளிர்கால ஒலிம்பிக்கைப் பற்றி ஃபாங்க் முன்பே படம் எடுத்திருந்தார்.

இன்று தொலைக்காட்சி காட்டும் கோணங்களில் பாதி அந்தக் குழிகளிலிருந்து வந்தவை. ஆனால் அந்த அழகு யாருக்குச் சேவை செய்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பலமான உடலைத் தெய்வமாக்கும் பார்வை அந்த ஆட்சிக்கு மிகவும் தேவைப்பட்ட பார்வை. வெளிச்சம் போதாததால் கோலூன்றித் தாண்டும் போட்டியின் சில காட்சிகளை வீரர்களைத் திரும்பத் தாண்டச் சொல்லிப் பின்னர் எடுத்தார்கள் என்பதும் ஆவணப்படக்காரர் மறக்கக் கூடாத செய்தி. அதே பெர்லினுக்கு அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு போய்க் கபடி உள்ளிட்ட இந்திய ஆட்டங்களைச் செய்து காட்டியது. டெல்டா கிராமங்களில் சடுகுடு என்று ஆடிவந்த ஆட்டம் உலக மேடையில் தெரிந்த தொடக்க நாட்களில் அதுவும் ஒன்று.

‘ஒலிம்பியா’வுக்கு மிக ஆழமான பதில் ஜப்பானிலிருந்து வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கைப் படமாக்கும் வேலை முதலில் அகிரா குரோசாவாவிடம் போனது. அவர் ஒதுங்கிய பிறகு கொன் இச்சிகாவாவின் கைக்கு வந்தது. இச்சிகாவா மனைவி நாத்தோ வாதா உள்ளிட்டோருடன் உட்கார்ந்து போட்டி தொடங்கும் முன்பே திரைக்கதை எழுதினார். யார் ஜெயிப்பார் என்று தெரியாத நிலையில் என்ன எழுத முடியும்? எங்கே பார்ப்பது என்று எழுதலாம். அவருடைய கேமரா நடுங்கும் விரல்களைப் பார்த்தது, மழையில் குடை பிடித்த கூட்டத்தைப் பார்த்தது. சாட் நாட்டிலிருந்து வந்த அகமது ஈசா என்ற ஓட்டக்காரர் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. பெரிய உணவுக்கூடத்தில் அவர் தனியாகச் சாப்பிடுவதை அந்தப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. வெற்றிப் பதிவேடு கேட்ட பொறுப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை, அமைச்சர் ஒருவரே வெளிப்படையாகக் குறை சொன்னார். முந்தியவர் காட்டாமல் விட்டது எது என்று தேடிப் போனதால் கிடைத்த படம் அது.

பிற்காலப் படங்களும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு வளர்ந்தன. ஸ்டீவ் ஜேம்ஸின் ‘ஹூப் டிரீம்ஸ்’ அரை மணிநேரக் குறும்படமாகத் திட்டமிடப்பட்டது; கூடைப்பந்தாடும் இரண்டு சிகாகோ சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1994இல் கிட்டத்தட்ட மூன்று மணிநேரப் படமாக வெளிவந்தது. 2006இல் வந்த ‘ஜிடேன்’ ஒரே ஆட்டம் முழுவதும் ஒரே கால்பந்து வீரரைப் பதினேழு கேமராக்களால் பார்த்தது. பந்து எங்கே போனது என்பது அதற்கு முக்கியமில்லை. 2010இல் ஆசிஃப் கபாடியா கார் பந்தய வீரர் ஒருவரைப் பற்றிய ‘சென்னா’வை ஏறக்குறைய முழுவதும் பழைய காட்சிகளாலேயே கோத்தார். பேசுபவர்களின் குரல் கேட்கும், நாற்காலியில் உட்கார்ந்து நினைவுகூரும் முகங்கள் இல்லை. குறும்படக்காரருக்கு இந்த மூன்றில் ‘ஜிடேன்’தான் அதிகம் உதவும். ஒரே ஆள், ஒரே இரவு என்று சுருக்கினால் பத்து நிமிடம் தாராளம்.

பழைய காட்சிகளைத் தேடித் தொகுக்கும் வேலையில் தமிழருக்குச் சொந்த முன்னோடியே உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937இல் அட்லாண்டிக் கப்பல் பயணத்தில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகக் காந்தியிடம் ஓடவில்லை. காந்தியை ஏற்கெனவே யார் யார் படமெடுத்திருக்கிறார்கள் என்று நாடு நாடாகத் தேடி, சுமார் ஐம்பதாயிரம் அடிச் சுருளைச் சேர்த்தார். அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடிப் படம் 1940இல் வெளியானது. விளையாட்டுப் படம் அல்லதான். ஆனால் எடுக்கும் முன் பார்த்துவிடுவது என்ற ஒழுக்கத்துக்கு இவரைவிடப் பெரிய சான்று நம்மிடம் இல்லை.

தமிழ்நாட்டு ரசிகரின் கண்ணைப் பழக்கியவை வேறு. 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திச் சுருள்கள் டூரிங் டாக்கீஸ் வரை வந்தன. கனத்த குரல் ஒன்று விளக்கம் சொல்லும், படம் அதன் பின்னால் ஓடும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி தூர்தர்ஷனை வண்ணமாக்கியது. சினிமா தன் பங்குக்கு 2009இல் ‘வெண்ணிலா கபடி குழு’வையும், 2021இல் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைச் சொன்ன ‘சார்பட்டா பரம்பரை’யையும், கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் ‘பைசன்’ படத்தையும் தந்தது. 2014இல் புரோ கபடி லீக் வந்தபோது விரிப்பு, விளக்கு, பல கோண மறுகாட்சி, முப்பது நொடிக் கடிகாரம் என்று ஆட்டத்தின் தோற்றமே மாறிப்போனது. இன்று டெல்டாவின் மின்னொளிப் போட்டிகளை யூடியூபில் நேரலையாக விடும் இளைஞர்களும் முடிந்தவரை அந்தத் தோற்றத்தைத்தான் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

இவை அத்தனையையும் பார்த்து முடித்தவருக்கு ஒரு குறை தட்டுப்படும். காலைப் பிடித்து மடக்கும் வேலை ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். சினிமா அதை மெதுவாக இழுத்துக் காட்டி அந்த வேகத்தையே தொலைக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒலியில். கபடி மூச்சின் ஆட்டம். பாடிப் போகிறவரின் மூச்சு உள்ளவரைதான் அவருக்கு எதிர்க்களத்தில் உரிமை. கடிகாரம் வருவதற்கு முன்பு ஆட்டத்தின் அளவுகோலே அதுதான். தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு வர்ணனையாளர் குரலில் மூழ்குகிறது, சினிமாவில் பின்னணி இசையில். ஊர்ப் போட்டியின் காணொளியிலோ ஜெனரேட்டரும் குழாய் ஒலிபெருக்கியும் அதை விழுங்கிவிடுகின்றன.

இதைப் பிடிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. போட்டியன்று ஜெனரேட்டருக்கு எதிர்ப்புறம், நடுக்கோட்டின் ஓரம் குந்தி உட்கார்ந்தால் பாடுபவரின் வாய் ஐந்தாறு அடிக்குள் வந்துபோகும். போட்டிக்கு முந்தைய மாலைகளில், மைக் செட் வராத பயிற்சிக் களத்தில் தனியாக ஒலி மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். ஆட்டக்காரர் சம்மதித்தால் பனியனுக்குள் சிறு மைக் ஒன்றைச் செருகலாம். பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரே மூச்சில் பாடிக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அறுபதைத் தாண்டியவரின் மூச்சு எத்தனையாவது நொடியில் இடறுகிறது, இருபது வயதுக்காரர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி மூச்சை மிச்சம் பிடிக்கிறார் என்பது அந்தப் பதிவில் துல்லியமாகக் கேட்கும்.