நீர்வழி நோய் இறப்புகள்: சேலம், நாமக்கல் சமவெளி

மலம் கலந்த குடிநீர், கழிப்பிடமின்மை, கை கழுவாத பழக்கம் ஆகியவற்றால் தொற்றும் காலரா, வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்ற நோய்களால் நேரும் உயிரிழப்புகளே நீர்வழி நோய் இறப்புகள். தூய நீரும் சுகாதார வசதியும் கைச்சுத்தமும் இருந்திருந்தால் 2019-ல் உலகெங்கும் சுமார் 14 லட்சம் இறப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறந்தவர்களில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சேலத்திலிருந்து புதுச்சத்திரம் வழியே நாமக்கல் வரை நீளும் வறண்ட சமவெளியின் வரலாறு, இந்த இறப்புகள் விதியின் பயன் அல்ல, குடிநீரையும் கழிவையும் பிரித்துவைக்கும் அன்றாட நிர்வாகம் தவறியதன் விளைவு என்பதைக் காட்டுகிறது.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த அதன் மக்கள்தொகை 1881-ல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. மழை பொய்த்ததும் கிணறுகள் வற்றின. எஞ்சிய ஊற்றுகளிலும் குட்டைகளிலும் ஊரே குடித்தது, குளித்தது, துவைத்தது. கஞ்சித் தொட்டிகளையும் நிவாரண முகாம்களையும் நாடிக் கூடிய கூட்டத்தில் வாந்திபேதி எனப்பட்ட காலரா வேகமாகப் பரவியது. 1877-ல் மட்டும் சென்னை மாகாணத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட காலரா இறப்புகள் பதிவாயின. இவர்களைக் கொன்றது பசிதானே என்று கேட்கலாம். பசி உடலைத் தளர்த்தியது, மக்களை ஓரிடத்தில் குவித்தது, அதில் ஐயமில்லை. ஆனால் விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளிலும் காலரா வந்தது, வயிறார உண்டவரையும் கொண்டுபோனது. பஞ்சம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த நோய் நீரின் வழியே வந்தது.

காலரா நீரில் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ 1854-லேயே எடுத்துக்காட்டினார். 1884-ல் ராபர்ட் காக் அதன் கிருமியைக் கல்கத்தாக் குளமொன்றின் நீரில் கண்டார். அப்படியிருந்தும் இந்திய அரசின் சுகாதார ஆணையர் ஜே. எம். கன்னிங்ஹாம் நீர்வழித் தொற்றை ஏற்க மறுத்தார். அறிவு கிடைத்த பிறகும் அது நிர்வாகமாக மாறப் பல பதிற்றாண்டுகள் ஆயின. 1939-ல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவகற்றல், திருவிழாக் காலச் சுகாதாரம் ஆகியவற்றை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. 1971-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பாறைப் பூமியான இச்சமவெளிக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகக் காவிரி நீர் வந்தது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கும்போது நீருக்காக ஏன் இவ்வளவு செலவு என்ற வாதமும் உண்டு. 1971-ல் வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் திலீப் மகலநாபிஸ் இக்கரைசலைக் கொடுத்து, சுமார் 30 விழுக்காடாக இருந்த காலரா இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். மகத்தான சாதனைதான். எனினும் கரைசல் நோயாளியைக் காக்கும். அடுத்தவருக்கு நோய் வராமல் தடுக்காது. அடிக்கடி வயிற்றுப்போக்கில் விழும் குழந்தை உயிர் பிழைத்தாலும் வளர்ச்சி குன்றுகிறது. 1992-ல் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா வகை வெளிப்பட்டது, ஆபத்து பழங்கதை ஆகிவிடவில்லை என்பதற்குச் சான்று.

குழாயும் கழிப்பறையும் வந்துவிட்டனவே என்பது இன்றைய மறுப்பு. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் குழாயில், நீர் நின்றதும் அழுத்தம் இறங்குகிறது; சாக்கடையை ஒட்டி விரிசல் இருந்தால் கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகே தோண்டிய மலக்குழியின் கசிவும் பாறை வெடிப்புகள் வழியே நீரை எட்டலாம். காப்பு மிக எளியது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் மேல்நிலைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் பிடித்த நீரில் சோதனைத் துளி விட்டால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் அங்கே எஞ்சியிருப்பதே இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் அளவு. இச்சோதனையை நாள்தோறும் செய்து ஊரறியப் பதிவதும், தொட்டி இயக்குபவருக்கு உரிய பயிற்சியும் ஊதியமும் தருவதும் ஊராட்சியின் கடமை. அதைக் கிராம சபையில் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.