வலியும் குடியும்: தங்கவயல் மனைவியர் சுமந்த வரலாறு

தமிழில் 'குடி' என்னும் சொல் குடும்பத்தையும் குறிக்கும். மது அருந்துவதையும் குறிக்கும். 'குடி குடியைக் கெடுக்கும்' என்னும் வழக்கு இவ்விரு பொருளையும் ஓரிடத்தில் நிறுத்துகிறது. கெடுகின்ற குடியை அன்றாடம் தாங்கி நிற்பவர் யார் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. கோலார் தங்கவயலின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு படிப்பது, வலி மாத்திரைகளுக்கு அடிமையான துணையோடு இன்று வாழ்பவர்களின் நிலையை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால் ஊன்றியது. சுரங்கத்துள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர். காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருக்கும் பாறையின் அழுத்தம் தாளாமல் சுரங்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. தோளில் துளைக்கருவியின் அதிர்வும் மூச்சில் கல்தூசியுமாக ஒவ்வொரு முறையும் தொழிலாளி மேலே வந்தார்.

நுரையீரலில் படிந்து இறுகும் அந்தத் தூசி தரும் நோய் சிலிக்கோசிஸ். அதற்கு இன்றும் முழுமையான மருந்தில்லை. 1940இல் மைசூர் அரசு இந்நோய்க்கென இழப்பீட்டு விதிகளை வகுத்தது. அதே பத்தாண்டில் 7,653 தொழிலாளரிடம் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு 43.7 விழுக்காட்டினரிடம் இந்நோயைக் கண்டது. விதி வருவதற்கு முன் அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வளவு காலமும் அந்த இருமலையும் இளைப்பையும் இரவில் கண்விழித்துக் கவனித்தவர்கள் லைன் வீடுகளில் வாழ்ந்த பெண்கள்.

உழைக்கும் உடலின் வலியைத் தணிக்க எளிதிற் கிடைத்தவை கள்ளும் சாராயமும். 'உடம்பு வலிக்காகத்தான்' என்னும் விளக்கம் தமிழ்நிலமெங்கும் கூலித் தொழிலாளர் வீடுகளில் கேட்கப்படுவது. அதில் பொய் முழுவதுமில்லை. மைசூர் சமஸ்தானத்தின் முதன்மை வருவாய்களுள் ஒன்று கலால் வரி. ஆகவே ஆண்களின் உழைப்பால் நிறுவனம் பொன் எடுத்தது. அந்த உழைப்பின் வலியைத் தணித்த மதுவால் அரசு வரி எடுத்தது. எஞ்சிய கூலியில் குடும்பம் நடத்தும் பொறுப்பு மனைவியிடம் வந்து சேர்ந்தது. லைன் வீடு வேலையோடு பிணைந்தது. கணவர் வேலையிழந்தால் கூரையும் போய்விடும். அந்த அச்சத்தில் வாழ்ந்த மனைவிக்குக் கணவரின் குடியை வெளியே சொல்வதும் ஆபத்து, சொல்லாமலிருப்பதும் ஆபத்து.

இதற்கு எதிரான முதல் ஒழுங்கமைந்த குரல்களுள் ஒன்று தொழிலாளரின் சமூகத்திலிருந்தே எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் உருவாயின. அவர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் 1926 முதல் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பௌத்தரின் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதிமயக்கும் பொருள்களை விலக்கல். சாதி இழிவைத் துறப்பதும் மதுவைத் துறப்பதும் ஒரே தன்மதிப்பின் இரு பக்கங்களாக இங்கே முன்வைக்கப்பட்டன. குடியைக் கூலிக்காரரின் பிறவிக் குணமாகக் கண்ட மேலோர் பார்வைக்கு இது வலிமையான மறுப்பு. எனினும் சீலம் என்பது ஒருவர் தாமே ஏற்கும் உறுதி. கணவருக்காக மனைவி அதனை ஏற்க முடியாது. அவர் அதனை முறித்தால் அவளுக்கு வேறு வழியும் அதில் சொல்லப்படவில்லை.

இரண்டாவது வழி சட்டம். 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம், அடுத்த ஆண்டே அம்மாநிலத்தில் சாராயத்துக்குத் தடை கொண்டுவந்தது. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராயத்தைத் தடைசெய்தது. தடை கடையை மூடியது, வலியை மூடவில்லை. தங்கவயலில் அதற்குள் வேறொரு கதவும் மூடப்பட்டிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. நிறுவன மருத்துவமனையும் செயலிழந்தது. நோயுற்ற உடல்கள் வீடுகளில் தங்கிவிட, அடுத்த தலைமுறை நாள்தோறும் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பலாயிற்று. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுமையாக வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தது.

சீலமும் சட்டமும் கேளாத கேள்வியை எழுப்பிய மூன்றாவது வழி, தங்கவயலிலிருந்து அல்ல, சென்னையிலிருந்து வந்தது. அதனைத் தொடங்கியவரும் ஒரு மனைவியே. சாந்தி ரங்கநாதனின் கணவர் டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். வசதிமிக்க தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த அவருக்கே நாட்டில் உரிய சிகிச்சை கிட்டவில்லை. மறு ஆண்டே, 1980இல், சாந்தி ரங்கநாதன் கணவர் பெயரில் சிகிச்சை ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அடிமைப்பழக்கத்தை நோயாகக் கருதியதும், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை அளித்ததும் அதன் முதன்மையான பங்களிப்புகள். கணவர் திருந்துகிறாரா என்பதைத் தாண்டி, மனைவி உறங்குகிறாளா, உண்கிறாளா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறாளா என்று கேட்பதும் சிகிச்சையாயிற்று.

இந்தக் கேள்வி இன்று மேலும் தேவைப்படுகிறது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 0.96 விழுக்காட்டினர் அபினி வகை மருந்துகளைப் போதைக்காகவோ மருத்துவர் சொன்ன அளவை மீறியோ பயன்படுத்துகின்றனர். அபினியைப் பயன்படுத்துவோர் 0.52 விழுக்காடு. மருந்துக் கடையின் மாத்திரை அபினியை முந்திவிட்டது. டிரமடால் என்னும் வலி மாத்திரை 2018இல்தான் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

சாராயத்துக்குக் கடையுண்டு, வாடையுண்டு, ஊரார் கண்ணுண்டு. மாத்திரைக்கு அவையில்லை, மருத்துவர் எழுதிய சீட்டு உண்டு. பல வீடுகளில் அதனை வாங்கி வருபவரும் வேளை தவறாமல் கொடுப்பவரும் மனைவியே. ஆதலால் பழக்கம் முற்றியபின் 'நானே கொடுத்துக் கெடுத்தேனோ' என்னும் குற்றவுணர்வும் அவளையே சேர்கிறது. பதறி மாத்திரைகளை ஒளித்துவைத்தால் கணவருக்கு உடல் நோவும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் பெருகுகின்றன. அதனை அவர் பழைய வலி திரும்பியதாகவே கருதுகிறார். திடீரென நிறுத்துவதைவிட, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதும், தேவையெனில் புப்ரினார்பின் போன்ற மாற்று மருந்து பெறுவதும் பாதுகாப்பானவை. மூல வலிக்கும் அதனுடன் சிகிச்சை வேண்டும். அவ்வலி அப்படியே இருக்க மாத்திரையை மட்டும் பறிப்பது, சாராயக் கடையை மட்டும் மூடிய சட்டத்தின் பிழையையே வீட்டுக்குள் மீண்டும் செய்வதாகும்.

தங்கவயலில் எடுத்த பொன்னுக்குக் கணக்குண்டு. தூசியால் இறுகிய நுரையீரல்களுக்கும், காலந்தாழ்த்தியேனும், ஒரு கணக்கு எழுதப்பட்டது. அந்த நுரையீரல்களுக்கு அருகில் விழித்திருந்த பெண்களின் இரவுகளுக்கு இழப்பீட்டு விதிகளில் இடமில்லை. அடிமைப்பழக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் அந்த இரவுகளிலிருந்து தொடங்கினால், பழக்கத்துக்கு மனைவி காரணமல்லள் என்பதும், அதைத் தனியே தீர்க்கும் கடமையும் அவளுடையதன்று என்பதும் தெளிவாகும். இன்று மருந்துச் சீட்டைக் கையில் பிடித்து நிற்கும் பெண்ணுக்கு வரலாறு தரக்கூடிய முதல் ஆறுதல் இதுவே.