முத்துக் கடற்கரையும் சமஸ்தான இலாகாவும்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை நீளும் முத்துக்குளித்துறை ஒரே கடற்கரை. ஆயினும் 1947-இல் அதன்மீது இரண்டு ஆட்சிகள் நிலவின. தூத்துக்குடித் துறைமுகம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. குமரிமுனையோ திருவிதாங்கூர் மன்னருடையது.

அவ்வாண்டு ஜூன் 11-ஆம் நாள், ஆங்கிலேயர் விலகியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் அறிவித்தார். அது நிலைத்திருப்பின், மீனவர் வலைவீசும் கடலிலேயே அயல்நாட்டு எல்லை எழுந்திருக்கும்.

ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களோடு உறவு பேசுவதற்கென ஜூலை 5-ஆம் நாள் டில்லியில் சமஸ்தான இலாகா தோன்றியது. சர்தார் வல்லபபாய் படேல் அதன் பொறுப்பை ஏற்றார், வி. பி. மேனன் செயலாளரானார். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்து ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைக்குமாறு மன்னர்களை இலாகா கேட்டது. ஜூலை 25-இல் திவான் தாக்கப்பட்டுக் காயமுற்றார். 30-இல் மன்னர் இணைப்புக்கு இசைந்தார். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின.

பணி முடிந்த இலாகா 1955-இல் உள்துறையோடு கலந்தது. ஆயினும் கடற்கரையின் பிரிவு அதனால் நீங்கவில்லை. தமிழகத்தோடு இணைய விழைந்த குமரித் தமிழர் போராடினர். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் நீத்தனர். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மன்னரின் இசைவை இலாகா பெற்றது. கடற்கரையை ஒன்றாக்கியது மக்களின் உறுதியே.